தெருவிலிருந்து படுக்கையறைக்கு: தொலைக்காட்சிப் பெட்டியும் அண்டை வீட்டுத் தூக்கமும்

தமிழகச் சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டி கடந்த ஐம்பது ஆண்டுகளில் இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. முதலில் அது ஊராட்சியின் பொது அறையிலோ வசதியுள்ள ஒருவர் வீட்டிலோ இருந்தது. ஊரே கூடிப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு வீட்டின் கூடத்துக்கும் வந்தது. குடும்பம் கூடிப் பார்த்தது. இப்போது படுக்கையறைச் சுவரில் ஏறிவிட்டது. ஒருவரோ இருவரோ படுத்தபடி பார்க்கிறார்கள். பார்ப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் கேட்பவர்களின் எண்ணிக்கை அதே அளவில் குறையவில்லை. பெட்டி உள்ளறைக்குப் போன பிறகும் அதன் ஒலி சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த இடமாற்றத்தின் வரலாற்றை இராமநாதபுரம் கடற்கரையை, குறிப்பாக மாரியூரை, முன்வைத்து இக்கட்டுரை கூறுகிறது. படுக்கையறையில் தொலைக்காட்சியை மாட்ட விரும்புவோர் அண்டை வீட்டாரின் உறக்கம் கெடாமல் அதை எப்படிச் செய்யலாம் என்பதும் இதில் அடங்கும்.

மாரியூரும் அதன் இரவும்

மாரியூர் இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், சாயல்குடிக்கு அருகே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர். இங்குள்ள பூவேந்தியநாதர் கோயில் சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்றது. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் மாரியூர் – வாலிநோக்கம் என்னும் இரண்டு ஊர்களின் பெயரையும் தாங்கியது. மீன்பிடித்தல், உப்பளம், பனை, மானாவாரி வேளாண்மை ஆகியவை இந்தக் கரையோரத்தின் தொழில்கள்.

இந்தத் தொழில்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாமே விடியலுக்கு முன் தொடங்குபவை. நாட்டுப்படகில் போகிறவர் காற்றும் நீரோட்டமும் பார்த்து நள்ளிரவு தாண்டியதும் எழுந்துவிடுவார். உப்பு வாருகிறவர் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும். பனையேறுபவருக்கும் அதிகாலைதான் வேலை நேரம். ஆகவே நகரத்தில் இரவு பத்து மணி எப்படியோ, இந்த ஊர்களில் இரவு எட்டு மணி அப்படி. இரவு ஒன்பது மணிக்கு ஓடும் தொடர் ஒரு வீட்டில் பொழுதுபோக்கு; அடுத்த வீட்டில், மறுநாள் கடலுக்குப் போகிறவரின் பாதி உறக்கத்தை அது தின்றுவிடும். தூக்கம் கெட்டவர் கடலில் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. படுக்கையறைத் தொலைக்காட்சியின் ஒலி இங்கே வெறும் நாகரிகக் குறைவு அன்று. ஒருவரது பிழைப்போடும் உயிரோடும் தொடர்புடைய செய்தி.

பொதுவில் கேட்ட காலம்

ஒலியைப் பொதுவில் கேட்கும் பழக்கம் தொலைக்காட்சிக்கு முந்தியது. 1924-இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் வானொலிக் கழகம் ஒன்று தொடங்கி ஒலிபரப்பு நடத்தியது. அது நின்றபின் சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. எனவே பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. மாலையில் மக்கள் அங்கே போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிய பின்னும் இந்தப் பழக்கம் நீடித்தது. விடுதலைக்குப் பிறகு சிற்றூர்களின் ஊராட்சி வானொலி அறைகள் இதே வேலையைச் செய்தன. மாலைச் செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் கேட்கும்.

அந்த ஒலியைத் தொந்தரவு என்று யாரும் சொன்னதாகப் பெரியவர்கள் நினைவுகூர்வதில்லை. ஒலி ஊருக்குச் சொந்தமாக இருந்ததுதான் இதற்குக் காரணம். அது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியை இன்றும் ஊர் பொறுத்துக்கொள்வது இதே காரணத்தால்தான். தனக்கும் பங்குள்ள ஒலியைக் காது தாங்குகிறது. தனக்குப் பங்கில்லாத ஒலி சிறிதாக இருந்தாலும் உறுத்துகிறது.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. தொடக்கத்திலேயே அது கூடிப் பார்க்கும் கருவியாகத்தான் எண்ணப்பட்டது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. அதற்கான பெட்டிகள் பள்ளியிலோ பொது இடத்திலோ வைக்கப்பட்டன. தமிழகம் அந்த 6 மாநிலங்களில் இல்லை. ஆனால் அதே 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பின்னாளில் அரசும் ஊராட்சிகளும் தமிழகச் சிற்றூர்களில் அமைத்த தொலைக்காட்சி அறைகள் அதே பொதுப் பார்வை முறையைப் பின்பற்றியவை. கம்பிக் கதவு போட்ட சிறு அறை, அதற்குள் மேடைமேல் பெட்டி, முன்னால் மணல்தரை, பூட்டுக்குப் பொறுப்பாக ஓர் ஊழியர். இரவு நிகழ்ச்சி முடிந்ததும் அவர் பூட்டிவிடுவார். ஒலிக்கு முடிவு நேரம் வைத்தது அந்தப் பூட்டுதான்.

கடல் கடந்து வந்த படம்

இராமநாதபுரம் கடற்கரைக்குத் தொலைக்காட்சி வந்த வழி சற்று வேறானது. சென்னை நிலையத்தின் அலைகள் இவ்வளவு தெற்கே எட்டவில்லை. ஆனால் இலங்கை அருகில் இருந்தது. அங்கே 1979 ஏப்ரல் 13 அன்று சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பிப்ரவரி 15 அன்று, ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாகினி தொடங்கியது. அதன் முதன்மை அஞ்சல் நிலையம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் மீது, 2,524 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்பட்ட அலைகள் மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தமிழகத்தின் தென்கரைக்கு வந்தன. கடலுக்கு மேல் வெப்பக் காற்றும் குளிர்காற்றும் அடுக்கடுக்காக அமையும் நாட்களில் வானலைகள் சற்று வளைந்து, வழக்கத்தைவிட நெடுந்தொலைவு போகும். அதனால்தான் படம் ஒருநாள் கண்ணாடிபோலத் தெரிந்தது; மறுநாள் புள்ளிப்புள்ளியாக ஆடியது.

கடற்கரை ஊர்களில் நீண்ட குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கடலை நோக்கித் திருப்பி வைத்தார்கள். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்புவார். கீழே ஒருவர் பெட்டியைப் பார்த்து, “போதும், அப்படியே விடு” என்று குரல் கொடுப்பார். பெட்டி வைத்திருந்த வீட்டில் மாலையானால் தெருவே கூடியது. சிங்களம் புரியாவிட்டாலும் படம் புரிந்தது. தமிழ் நிகழ்ச்சி வந்தால் கூடுதல் மகிழ்ச்சி. அக்காலத்தில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980-களின் நடுப்பகுதியில்தான் அது நீக்கப்பட்டது.

1982-இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் அஞ்சல் நிலையங்கள் பெருகின. கொடைக்கானல் மலைமீது அமைந்த உயர்திறன் நிலையம் தென்மாவட்டங்களுக்குச் சென்னைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ வரும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துபோகும் நிலை அப்போது உருவானது. பின்னர் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. ஒரு காலத்தில் கடலுக்கு அப்பாலிருந்து அலையை எதிர்பார்த்த கரை, இப்போது அலையை அனுப்பும் கரையாகவும் ஆனது.

இந்தக் காலகட்டத்திலும் ஒலி பெரிய சிக்கலாக இல்லை. பெட்டியின் ஒலியால் தொந்தரவுக்கு ஆளாகக்கூடிய அண்டை வீட்டார் அந்தப் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கொரு பெட்டி

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. கேபிள் கம்பிகள் தெருத்தெருவாகப் போயின. நிகழ்ச்சி இரவோடு முடியும் என்ற வழக்கம் மறைந்து, நாள் முழுதும் ஒளிபரப்பு என்றாயிற்று. பொதுத் தொலைக்காட்சி அறையின் பூட்டுக்கு வேலை இல்லாமல் போனது.

அடுத்த பெரிய மாற்றத்தை அரசு கொண்டுவந்தது. 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதியின்படி, அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 14 அங்குலப் பெட்டிகள் எல்காட் நிறுவனத்தின் மூலம் வாங்கப்பட்டு, குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கப்பட்டன. 2011 வரை நடந்த இத்திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் நன்மை தீமைகள் பற்றிய அரசியல் விவாதம் இங்கே நமக்குத் தேவையில்லை. ஒலி வரலாற்றின் நோக்கில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: ஒரு தெருவில் 5 பெட்டிகள் இருந்த இடத்தில் 50 பெட்டிகள் ஆயின. ஒவ்வொன்றிலும் வேறு நிகழ்ச்சி. பக்கத்து வீட்டின் ஒலியை மீறித் தன் பெட்டி கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒலியைக் கூட்டினார்கள். அதனால் பக்கத்து வீட்டாரும் கூட்டினார்கள்.

வீடுகளும் இதே காலத்தில் மாறின. ஓலை வீடுகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 2010-இல் வந்தது. 2011-இல் தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடியில் வீடுகள் கட்டப்பட்டன. அந்த 300 சதுர அடிக்குள் கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் அடங்கின. வெயிலையும் மழையையும் தாங்கும் உறுதியான வீடு கிடைத்தது பெரும் பேறு. ஆனால் கான்கிரீட்டின் இயல்பு வேறு. ஓலைக்கூரையும் மண்சுவரும் ஒலியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வழவழப்பான சிமெண்டுப் பூச்சும் தளமும் ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. சிறிய கான்கிரீட் அறையில் கொஞ்ச ஒலியும் முழங்கும். சன்னல் வழியே அது தெருவுக்கும், இரண்டு மூன்று அடி இடைவெளியில் இருக்கும் அடுத்த வீட்டுக்கும் போகும்.

இருந்தாலும் அன்றைய பெட்டி கூடத்தில்தான் இருந்தது. அதற்குக் காரணம் அதன் எடை. படக்குழாய் உள்ள 21 அங்குலப் பெட்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பின்புறம் ஒன்றரை அடி நீளும். அதைச் சுவரில் மாட்ட முடியாது. மேசையோ, காங்கிரீட் பலகையோ, அலமாரித் தட்டோ வேண்டும். சிறிய படுக்கையறையில் அதற்கு இடமில்லை.

சுவரில் ஏறிய பெட்டி

சுவரில் படம்போல மாட்டக்கூடிய தொலைக்காட்சி என்பது நெடுநாள் கனவு. 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்மா திரை உருவாக்கப்பட்டது. அது வீட்டுத் தொலைக்காட்சியாக விற்பனைக்கு வர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பின்னர் நீர்மப் படிகத் திரைகளும் எல்.இ.டி. விளக்குள்ள திரைகளும் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று 32 அங்குலத் தொலைக்காட்சி பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ எடைதான். அதன் பின்புறத்தில் உள்ள நான்கு திருகுத் துளைகளின் இடைவெளிக்கு உலகம் முழுவதும் ஒரே தர அளவு பின்பற்றப்படுகிறது: 100 மில்லிமீட்டர், 200 மில்லிமீட்டர் என்பன போன்றவை. இந்தத் தர அளவு முறை 1990-களின் பிற்பகுதியில் வந்தது. எந்த நிறுவனத்தின் பெட்டியையும் பொதுவான ஒரு தாங்கியில் மாட்ட முடிவதற்கு அதுவே காரணம்.

சுவர்ப் பக்கத்திலும் ஒரு சிறு வரலாறு உண்டு. பழைய முறையில் சுவரில் ஏதேனும் மாட்ட வேண்டுமென்றால் உளியால் பெரிய குழி தோண்டி, மரத்துண்டைச் செதுக்கி அடித்து இறக்கி, அதில் ஆணி அடிப்பார்கள். சுவர் சிதையும், அடி ஓசை பல வீடுகளுக்குக் கேட்கும். 1911-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்பொருத்திகளைப் பொருத்த வேண்டிய தேவையிலிருந்து, சணல் நாரால் ஆன சிறு செருகியை உருவாக்கினார். சிறு துளையில் செருகித் திருகாணியை முடுக்கினால் அது விரிந்து சுவரை இறுகப் பிடிக்கும். நம் ஊர் மின்பணியாளர்கள் இன்றும் ‘ரால் பிளக்’ என்று சொல்வது அவர் பெயரிலிருந்து வந்ததே. 1958-இல் ஜெர்மனியின் ஆர்த்தர் பிஷர் அதை நைலானில் செய்தார். சுவருக்கும் அண்டை வீட்டுக்கும் குறைந்த சேதத்தோடு ஒரு பொருளை மாட்டும் வழி இவ்வாறு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தேடப்பட்டது.

தட்டைத் திரை வந்தபோது கவனிக்கப்படாத ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. பழைய பெட்டியில் ஒலிபெருக்கி முன்பக்கமோ பக்கவாட்டிலோ இருந்தது. ஒலி நேராகப் பார்ப்பவரை நோக்கி வந்தது. தட்டைத் திரையில் முன்பக்கம் முழுதும் படம் என்பதால் ஒலிபெருக்கி அடியிலோ பின்புறத்திலோ போய்விட்டது. ஒலி முதலில் சுவரில் மோதி, பிறகே பார்ப்பவரிடம் வருகிறது. அதனால் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டுகிறோம். அப்படிக் கூட்டும் ஒலி எந்தச் சுவரில் முதலில் மோதுகிறதோ, பல வீடுகளில் அதே சுவரின் மறுபக்கம் அடுத்த வீட்டாரின் தலைமாடு இருக்கிறது.

ஒலி சுவரைக் கடக்கும் வழிகள்

ஒலி ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று காற்று வழி. மற்றொன்று கட்டட வழி. வகுப்பறையில் இதை விளக்க எளிய சோதனை உண்டு. ஒரு மாணவன் மேசையை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. மேசையின் மறுமுனையில் காதை வைத்தவனுக்குத் தெளிவாகக் கேட்கும். திடப்பொருள் அதிர்வை அவ்வளவு நன்றாகக் கடத்துகிறது.

காற்று வழியைத் தடுப்பது சுவரின் கனம். ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிப்பர். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவு. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபெல் வரை தடுக்கும்; நாலரை அங்குலச் சுவர் அதைவிடச் சில டெசிபெல் குறைவாகத் தடுக்கும். அறைக்குள் 65 டெசிபெல் ஒலித்தால் நல்ல சுவரின் மறுபக்கம் 15 அல்லது 20 டெசிபெல்தான் போக வேண்டும். அது கேட்கவே கேட்காது.

ஆனாலும் நடைமுறையில் கேட்கிறது. அதற்கு முதற்காரணம் சுவரில் உள்ள திறப்புகள். திறந்த சன்னல், வென்டிலேட்டர், கதவடி இடைவெளி, ஓட்டு வீடுகளில் கூரைவரை எழாத நடுச்சுவர் ஆகியவற்றின் வழியே ஒலி சுற்றிக்கொண்டு போகும். ஓர் ஓட்டைக்குடம் எவ்வளவு கனமாக இருந்தாலும் தண்ணீர் நிற்காது, ஒலியும் அப்படியே. இரண்டாவது காரணம் தாழ்ந்த ஓசைகள். முரசு, சண்டைக்காட்சியின் அதிர்ச்சி ஒலி போன்றவற்றைச் சுவர் குறைவாகவே தடுக்கும். அண்டை வீட்டுக்குச் சொற்கள் போவதில்லை. ‘தொம் தொம்’ என்னும் அதிர்வு மட்டும் போகும். உறங்க முயல்பவரை அதுதான் அதிகம் படுத்துகிறது. மூன்றாவது காரணம், சுவரோடு இறுக்கமாகத் திருகப்பட்ட பெட்டியோ, தரையில் வைத்த பாஸ் ஒலிபெருக்கியோ தன் அதிர்வை நேரே கட்டடத்துக்குள் செலுத்துவது. சிற்றூரின் இரவு அமைதியானது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நகரத்தில் வண்டி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும் ஒலி மாரியூர் போன்ற ஊரில் தனித்துக் கேட்கும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பொதுத் தொல்லை என்பது 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றமாகச் சொல்லப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. 1987-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாகக் காற்று மாசுச் சட்டம் இரைச்சலையும் மாசாகக் கொண்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2000 பிப்ரவரியில் ஒலி மாசு விதிகள் வெளியாயின. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது எல்லை. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2010-இல் வந்த திருத்தம், தனியார் ஒலிக்கருவியின் ஓசை அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபெல்லுக்கு மேல் மிகக்கூடாது என்றது. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் இரைச்சல் குறித்து அளித்த தீர்ப்பு, ஒருவருக்குப் பேசும் உரிமை இருப்பதுபோல, கேட்க விரும்பாதவருக்குக் கேளாதிருக்கும் உரிமையும் உண்டு என்பதை வலியுறுத்தியது.

விதிகள் நல்லவையே. ஆனால் அவை எல்லா ஊருக்கும் ஒரே கடிகாரத்தை வைக்கின்றன. இரவு 10 மணிக்குத் தொடங்கும் சட்டத்தின் இரவு, எட்டு மணிக்கு உறங்கி இரண்டு மணிக்கு எழும் மீனவருக்குப் பாதிதான் பயன்படும். ஆடியிலும் ஐப்பசியிலும் அவரது எழும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. மார்ச் மாதத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படிப்பது மாலை 7 மணிக்கு; சட்டத்தின் பார்வையில் அது பகல். டெசிபெல் அளக்கும் கருவியோடு காவல் துறையினர் வந்து நிற்கும் நிலை வரை போனால், அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த பேச்சுவார்த்தை அதோடு முடிந்துவிடும். திருமணத்துக்கும் சாவுக்கும் முதலில் வந்து நிற்கும் வீட்டை அப்படி இழப்பது பெரிய இழப்பு. ஆகவே சட்டம் கடைசி வழி. முதல் வழி பெட்டியை மாட்டும்போதே கவனமாக இருப்பது.

மாட்டும் முறை

சுவரைத் தேர்ந்தெடுத்தல்: அடுத்த வீட்டோடு பொதுவான சுவரிலோ, அடுத்த வீட்டுப் படுக்கையறைக்கு நேர் எதிரான சுவரிலோ மாட்டக்கூடாது. நம் வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள உள்சுவரே சிறந்தது. அது நாலரை அங்குலச் சுவராக இருந்தாலும் மறுபக்கம் இருப்பது நம் குடும்பம்தான். மூலையில் மாட்டினால் தாழ்ந்த ஓசை பெருகும் என்பதால் மூலையைத் தவிர்க்கலாம். திறந்து வைக்கும் சன்னலுக்கு நேராக ஒலி போகும்படியும் வைக்கக்கூடாது. கடற்கரையில் சன்னலை மூடிக்கொண்டு உறங்க முடியாது என்பதால் இது முக்கியம்.

தொலைவு: திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும், அறைக்குள் இது சற்றுக் குறைவு. கட்டிலுக்கு அருகே பெட்டி இருந்தால் சிறிய ஒலியே போதும். பெரிய திரையைத் தொலைவில் மாட்டி ஒலியைக் கூட்டுவதைவிட, நடுத்தரத் திரையைப் பக்கத்தில் மாட்டிக் குறைப்பது நல்லது.

துளையிடுதல்: துளையிடும் இயந்திரத்தின் அதிர்வு கட்டட வழியே எல்லா அறைக்கும் போகும். காலை 10 மணிக்கு மேல் மாலைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிகாலையில் கடலுக்குப் போய்வந்தவர் பகலில் உறங்குவார். கைக்குழந்தை உள்ள வீட்டிலும் பகலுறக்கம் உண்டு. எனவே முதல் நாளே சொல்லி, அவர்களுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டுக்கொள்வது முறை. எல்லாத் துளைகளையும் முன்கூட்டியே அளந்து குறித்துக்கொண்டால் வேலை சில நிமிடங்களில் முடியும். நாலரை அங்குலச் சுவரில் ஆழமாகத் துளையிட்டால் மறுபக்கப் பூச்சு பெயரக்கூடும். பொதுச்சுவரில் மாட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் அடுத்த வீட்டாரின் இசைவைப் பெற்ற பின்பே துளையிட வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பிக் குழாய் போகும். அந்தக் கோட்டில் துளையிடக்கூடாது.

கடற்கரைச் சுவர்: உப்புக்காற்று படும் ஊர்களில் சுவர்ப்பூச்சு பொரிந்து உதிர்வது வழக்கம். தட்டிப் பார்த்தால் பொள்ளலான ஓசை வரும் இடத்தில் செருகி பிடிக்காது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் செருகி முழுதும் இறங்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி சில ஆண்டுகளில் துருவேறித் தேய்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே ஏற்றது. நீண்டு மடங்கும் கை உள்ள தாங்கி, பெட்டியை வெளியே இழுக்கும்போது மேல் திருகாணிகளைப் பன்மடங்கு விசையோடு இழுக்கும். பூச்சு பலவீனமான சுவருக்கு அது வேண்டாம்.

அதிர்வைத் தடுத்தல்: தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வளையங்களை வைத்துத் திருகலாம். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சில அங்குல இடைவெளி விட்டால் பின்புற ஒலிபெருக்கியின் ஒலி தெளிவாக வெளிவரும்; ஒலியைக் கூட்ட வேண்டியிராது. பாஸ் ஒலிபெருக்கியைப் படுக்கையறையில் தவிர்ப்பதே மேல். வைத்தே ஆகவேண்டுமென்றால் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, இரவில் நிறுத்திவிடலாம்.

அறைக்குள் செய்யக்கூடியவை: பொதுச்சுவரை ஒட்டித் துணி நிறைந்த பீரோவை வைத்தால் ஓரளவு தடுப்பாகும். திரைச்சீலையும் மெத்தையும் அறையின் முழக்கத்தைக் குறைத்துப் பேச்சைத் தெளிவாக்கும். ஆனால் அவை சுவரைக் கடக்கும் ஒலியைத் தடுக்கும் என்று நம்பிவிடக்கூடாது. முட்டை அட்டையை ஒட்டினால் ஒலி நிற்கும் என்பதும் தவறான நம்பிக்கையே. ஒலியை நிறுத்துவது கனம்தான், அட்டைக்குக் கனம் கிடையாது. பெரும்பாலான தொலைக்காட்சிகளில் தாழ்ந்த ஓசையைக் குறைக்கவும் பேச்சை மட்டும் கூட்டவும் அமைப்பு உண்டு. கம்பியில்லாக் காதணி ஒலிப்பான் இருந்தால் சிக்கல் முழுதும் தீரும். காது மந்தமான முதியவர் உள்ள வீட்டில் இதுவே சிறந்த தீர்வு. அவருக்கு வேண்டிய அளவு ஒலி அவருக்கு மட்டும் கிடைக்கும்.

துளையிடுமுன் ஒரு வாரம்

பொதுத் தொலைக்காட்சி அறையில் ஒலிக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. அதை ஊர் அறிந்திருந்தது. பெட்டி படுக்கையறைக்கு வந்தபோது அந்த முடிவு நேரம் ஒருவர் கையிலுள்ள ரிமோட்டுக்குப் போய்விட்டது. பெட்டியைப் பழைய இடத்துக்குத் திருப்ப முடியாது, திருப்பவும் வேண்டியதில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டின் நல்ல பகுதியை மீட்டுக்கொள்ள முடியும்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சுவரில் துளை போடுமுன், மாட்ட எண்ணிய இடத்துக்கு நேராக ஒரு மேசையில் பெட்டியை ஒரு வாரம் வைத்து, வழக்கமான ஒலியில் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த வீட்டாரிடம் போய், இரவில் ஒலி வருகிறதா, எத்தனை மணிக்கு அவர்கள் உறங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். முடிந்தால் நம் வீட்டில் பெட்டி ஓடும்போது அவர்கள் படுக்கும் இடத்தில் நின்று நாமே கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் மேசையை நகர்த்துவது எளிது; நான்கு திருகாணிகளை முடுக்கிய பிறகு நகர்த்துவது கடினம். கேட்டுவிட்டு மாட்டிய பெட்டியின் ஒலி என்றாவது ஒருநாள் கூடிவிட்டாலும், அடுத்த வீட்டார் கதவைத் தட்டித் தயங்காமல் சொல்வார்கள். ரப்பர் வளையத்தைவிட அதிகம் பயன்தருவது அந்தத் தயக்கமின்மைதான்.